எல்லையில் மட்டும் தலைக்கு ஏறும் ஹெல்மெட்: கடலூர்–புதுச்சேரி சாலையில் 19 வயதுப் பிள்ளைக்கு வண்டி கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பத்தான் (இழையைத் தொடங்கியவர்) – திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாகக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். இச்சாலையில் எந்த வேகத்தடையின் வெள்ளைக் கோடு அழிந்து கிடக்கிறது, மழை பெய்தால் எந்தப் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துகொள்ளும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயினும் கடந்த வியாழக்கிழமை மாலை தவளக்குப்பம் அருகே கண்டது இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

எனக்கு ஏறத்தாழ முப்பது மீட்டர் முன்னால் சென்றவர், நாய் ஒன்று குறுக்கே ஓடியதால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார். ஆனால் தாடைப் பட்டையை மாட்டியிருக்கவில்லை. அவருடைய தலை தரையைத் தொடுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று உருண்டோடி, எதிரே வந்த ஆட்டோவின் சக்கரத்தில் மோதி விரிசல் விட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர் சற்று நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்தார், அருகிலிருந்த தேநீர்க் கடையில் சோடா குடித்தார், "ஒன்றுமில்லை தம்பி, லேசான அடிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்துக் கிளப்பிப் போய்விட்டார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகனுக்கு வயது 19. பட்டயப் படிப்பு முடித்து, புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. பகல், இரவு என்று மாறி மாறி வரும் ஷிப்டு வேலை. பையன் வண்டி கேட்கிறான். "மாமா சரி என்று சொன்னால் வாங்கித் தருகிறேன்" என்று அக்கா முழுப் பொறுப்பையும் என் தலையில் இறக்கி வைத்துவிட்டார். "ஹெல்மெட் போட்டுக்கொண்டு மெதுவாகப் போ" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்துவிடுமா? இச்சாலையில் நாள்தோறும் ஓட்டுபவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உப்பனாறு – திங்கள், இரவு 9.40

கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அதிகாலை முதல் இரவு வரை பேருந்து இருக்கிறது; அங்கிருந்து சேதராப்பட்டுக்கு இன்னொரு பேருந்து பிடிக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பேருந்துப் பயணிகளின் பங்கு அதற்குப் பக்கத்திலேகூட வராது. வண்டியை எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது என்று பேசும் முன்பு, அந்த வண்டி தேவைதானா என்று கேட்டுவிடுவது நல்லது.

மஞ்சக்குப்பத்தான் – திங்கள், இரவு 9.58

ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் இரண்டாம் ஷிப்டு நள்ளிரவை ஒட்டி முடிகிறது. அந்நேரத்தில் சேதராப்பட்டிலிருந்து நகரத்துக்குள் வருவதே கடினம். பேருந்தை நம்பினால் பையன் நிலையத்தில் உறங்க வேண்டியதுதான்.

பட்டறைக்காரர் – திங்கள், இரவு 10.25

திருப்பாதிரிப்புலியூரில் இருபத்தாறு ஆண்டுகளாக வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். விழுந்த வண்டிகள்தான் என்னிடம் வருகின்றன. விழுந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது பெரும்பாலும் எனக்குத் தெரியாமலே போய்விடும். வண்டி சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

தங்கள் கண்முன் விழுந்தவர் பின் பிரேக்கை மட்டும் மிதித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பின் பிரேக் லைனிங் தேய்ந்து உலோகம் தெரியும், முன் பிரேக்கோ வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். "முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறத் தூக்கிப் போட்டுவிடும்" என்று சைக்கிள் கற்ற காலத்தில் யாரோ சொன்னதை வாழ்நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வண்டியை நிறுத்தும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மீது சாய்கிறது. அப்போது தரையை இறுகப் பிடித்திருப்பது முன்சக்கரம்தான்; எடை குறைந்துபோன பின்சக்கரமோ சிறிது அதிகமாக மிதித்தாலும் சுழற்சி நின்று வழுக்கத் தொடங்கிவிடும். நிறுத்தும் திறனில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு முன் பிரேக்கில் இருக்கிறது. அதை வெடுக்கென்று பிடிக்காமல், பிழிவதுபோல் படிப்படியாக இறுக்க வேண்டும். பின் பிரேக்கையும் கூடவே அழுத்த வேண்டும். மணல், சாணம், டீசல் சிந்திய இடம் ஆகியவற்றில் மட்டும் முன் பிரேக்கில் கூடுதல் நிதானம் தேவை.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ்., அதற்கு உட்பட்டவற்றில் குறைந்தபட்சம் சி.பி.எஸ். இருக்க வேண்டும் என்பது விதி. சி.பி.எஸ். என்பது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இதைக் கேளுங்கள். வசதி இருந்தால் ஏ.பி.எஸ். உள்ள வண்டியையே வாங்குங்கள். பளபளக்கும் ஸ்டிக்கருக்கும் கூடுதல் குதிரைத் திறனுக்கும் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று, டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1822 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். வரிப்பள்ளம் நன்றாகத் தெரிகிறதே என்று பழைய டயரை வைத்துக்கொள்பவர்கள் பலர். ரப்பர் முற்றி இறுகிவிட்டால் ஈரச் சாலையில் அது பிடிக்காது. நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வெள்ளைவாரி வீதி – செவ்வாய், காலை 7.05

நான் புதுச்சேரிக்காரன். முதலில் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். "எல்லையில் மட்டும் தலைக்கு ஏறும் ஹெல்மெட்" என்ற தலைப்பைப் பார்த்தால் புதுச்சேரிக்காரர்கள் அனைவரும் சட்டத்தை மதிக்காதவர்கள் என்பதுபோல் இருக்கிறது. எங்கள் ஊர் சிறியது. நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் நெரிசலில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதே பெரும்பாடு. அந்த வேகத்தில், இந்த வெயிலில், வியர்வையில் ஊறும் ஹெல்மெட் எதற்கு? காது சரியாகக் கேட்பதில்லை, கழுத்து வலிக்கிறது, முடி கொட்டுகிறது. நெடுஞ்சாலையில் கட்டாயம் என்றால் ஏற்கிறேன். நகருக்குள் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான் – செவ்வாய், காலை 8.20

தலைப்பு தங்களைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்தருளுங்கள். மாலையில் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, தமிழ்நாட்டுப் பக்கமுள்ள ஆல்பேட்டை சோதனைச் சாவடி வருவதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். காலையில் அதே இடத்தில் கழற்றிப் பெட்ரோல் டாங்க்கின் மேல் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் கடலூர்க்காரர்கள்தாம். நானும் தொடக்க காலத்தில் அப்படிச் செய்தவனே.

இரவுப்பணி – செவ்வாய், பிற்பகல் 3.30

நான் இந்தப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். பணி முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் இதை எழுதுகிறேன்.

முதலில் மஞ்சக்குப்பத்துச் சகோதரருக்கு. சோடா குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாரே, அவரை உங்களுக்கு அடையாளம் தெரியுமா? தெரிந்தால் உடனே விசாரியுங்கள். தலையில் அடிபட்டவர்கள் எழுந்து நடப்பதும் தெளிவாகப் பேசுவதும் நலமாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே இரத்தக் குழாய் கிழிந்தால், அடிபட்டவர் சற்று நேரம் முழு நினைவோடு இருப்பார். இரத்தம் சேரச் சேர மூளை அழுத்தப்பட்டு, சில மணி நேரத்தில் மயக்கம் வரும். உறைக்கு உட்புறத்தில் மெதுவாகக் கசியும் வகையில் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும்கூட ஆகலாம், குறிப்பாக வயதானவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும். விடாத தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, இயல்புக்கு மாறான தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்திருத்தல், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போன்ற திரவம் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். "நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார், சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்" என்று சொல்லிக்கொண்டு விடியற்காலையில் வருகிற குடும்பத்தினரை நான் மறக்க முடியாது.

அடுத்து, வெள்ளைவாரி வீதி நண்பருக்கு. முப்பது கிலோமீட்டர் வேகம் என்பது வண்டியின் வேகம். தலை தரையில் மோதும் வேகம் வேறு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதாவது, நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்தாலே தலை அந்த வேகத்தில் மோதக்கூடும். மோதும் இடம் சாலை நடுவிலுள்ள கட்டையின் விளிம்பாக இருந்தால் அதுவே போதும். நாங்கள் பார்க்கும் தலைக்காயங்கள் எல்லாம் நெடுஞ்சாலையிலிருந்து வருவதில்லை. கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பியவர்களும் வருகிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2008இல் ஒன்றுதிரட்டிப் பார்த்த மருத்துவ மதிப்பீடு, ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டது. முடி கொட்டுவதற்கும் ஹெல்மெட்டுக்கும் உள்ள தொடர்பைவிட, அழுக்கு உள்ளுறைக்கும் தலை அரிப்புக்கும் உள்ள தொடர்பு அதிகம். உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, அதை அன்றன்றைக்குத் துவைத்துவிடலாம்.

ஹெல்மெட் வேலை செய்யும் முறையையும் பையனுக்குச் சொல்லுங்கள். வெளி ஓட்டைவிட உள்ளே இருக்கும் தெர்மக்கோல் அடுக்குதான் முதன்மை. மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குக் கூடுதலாக ஒரு சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தருகிறது. அந்தக் கணத்தில்தான் உயிர் தங்குகிறது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீண்டும் எழாது. எனவே வெளியில் கீறல் மட்டுமே தெரிந்தாலும், பலமான அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆயினும் சாலையோரத்தில் தொங்கும் பலவற்றின் முத்திரை, விரலால் சுரண்டினால் வந்துவிடும் ஸ்டிக்கராகவே இருக்கிறது. புருவத்துக்குச் சற்று மேலே நாடாவால் தலையைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் அளவுக்கு வாங்க வேண்டும். பட்டையை மாட்டிய பின், பின்புறத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் தலைக்கு உரியதல்ல.

விபத்தைப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுந்து கிடப்பவரின் ஹெல்மெட்டை ஒருவராகப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே கை கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யக்கூடும். மூச்சுவிட முடியாவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்கிப் பிடிக்க, மற்றொருவர் பக்கங்களை விரித்து மெல்லக் கழற்ற வேண்டும். தண்ணீர், சோடா எதையும் வாயில் ஊற்றக் கூடாது. ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுவராமல் 108ஐ அழைத்துக் காத்திருங்கள்.

வெள்ளைவாரி வீதி – செவ்வாய், மாலை 6.50

சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நின்ற வண்டியிலிருந்து விழுந்தாலே 20 கிலோமீட்டர் வேகம் என்ற கணக்கை நான் எண்ணிப் பார்த்ததில்லை. நகருக்குள் தேவையில்லை என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் காது கேட்கவில்லை என்பது மெய்.

எங்கள் ஊரில் ஹெல்மெட் வெறும் பாதுகாப்புப் பிரச்சினையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் வெளியூர் நண்பர்கள் புரிந்துகொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் ஆளுநர் மாளிகைக்கு வெளியே முதலமைச்சரே தர்ணாவில் உட்கார்ந்த நாட்களில், மோதலுக்கான காரணங்களில் ஹெல்மெட்டும் ஒன்றாக இருந்தது. அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி கட்டாயம் என்றார், முதலமைச்சர் நாராயணசாமி முதலில் விழிப்புணர்வு வேண்டும் என்றார். யார் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தலையில் எதை வைக்கிறோம் என்பது காட்டிய காலம் அது. அந்தப் பிடிவாதம் இன்னும் சிலரிடம் மிச்சமிருக்கிறது. என்னிடமும் இருந்ததென்று இப்போது தோன்றுகிறது.

உப்பனாறு – செவ்வாய், இரவு 8.15

சட்டம் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் உரியது. பின்னிருக்கையில் இருப்பவருக்கும் பொருந்தும். 2019ஆம் ஆண்டின் திருத்தம் 1000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் விதிக்கிறது. பின்னால் உட்காரும் மனைவிக்கு ஹெல்மெட் வாங்கித் தராத கணவர்களைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

தடம் மாறாதவன் – புதன், காலை 5.40

நான் கடலூர்–புதுச்சேரி தடத்தில் பேருந்து ஓட்டுகிறேன். எங்களைத் திட்டித்தான் பெரும்பாலும் எழுதுகிறீர்கள். சில நேரம் நியாயமாகவும் இருக்கலாம். இருக்கையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன், பையனுக்குப் பயன்படும்.

பேருந்தின் இடப்பக்க முன்சக்கரத்தை ஒட்டியும், முன்கண்ணாடிக்குக் கீழேயும், பின்பக்கத்தில் ஒட்டிய இடத்திலும் வரும் வண்டி எனக்குத் தெரியாது. நிறுத்தத்தில் பயணிகளை இறக்கிவிட்டு நான் வலப்பக்கம் எடுக்கும்போது, இடப்பக்க இடைவெளியில் நுழைந்து முந்துகிறார்கள். இறங்கும் பயணி மீதும் மோதுகிறார்கள், என் சக்கரத்துக்கு அருகிலும் விழுகிறார்கள். என் இடப்பக்கக் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்; தெரியவில்லை என்றால் உங்களையும் நான் பார்க்கவில்லை.

நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, திரும்பும் பக்கத்தில் உள்வாங்கி வரும். இடப்பக்கம் திரும்புவதற்கு முன் நான் சற்று வலப்பக்கம் ஒதுங்குவேன். அந்த ஒதுக்கத்தைப் பார்த்து "வழி விட்டார்" என்று நினைத்து இடப்பக்கம் நுழைபவர்கள்தாம் பின்சக்கரத்தில் சிக்குகிறார்கள். புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பில் நின்று அரை மணி நேரம் பாருங்கள், எத்தனை பேர் நூலிழையில் தப்பிக்கிறார்கள் என்று எண்ண முடியாது.

எதிர்த்திசையில் ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கோபம்தான் வரும், ஆனாலும் காரணம் தெரியும். நடுவில் தடுப்பு வைத்த சாலையில் திரும்பும் இடம் தொலைவில் இருக்கிறது. எதிரே தெரியும் தெருவுக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற யாருக்கும் மனமில்லை. ஓரமாகத்தானே வருகிறோம் என்கிறார்கள். நான் நிறுத்தத்துக்காக ஓரம் கட்டும்போது அந்த ஓரத்தில்தான் அவர்களும் எதிரே வருகிறார்கள். நான் 40இல், அவர் 40இல் வந்தால் இருவரும் நெருங்குவது 80 வேகத்தில்.

ஹாரன் அடிப்பது எல்லா நேரமும் விரட்டுவதற்காக அல்ல. சில நேரம் "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேறு வழி இல்லை. ஹெல்மெட் போட்டால் காது கேட்கவில்லை என்ற நண்பருக்குச் சொல்கிறேன்: ஹெல்மெட்டுக்குள் பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டுபவர்களுக்குத்தான் என் ஹாரன் கேட்பதில்லை. மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கெடிலக்கரை – புதன், காலை 9.10

பையன் இரவில் ஓட்டப்போகிறான் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர்கள் இரவு முழுவதும் சாலையில் இருக்கும். பின்விளக்கு இருக்காது, இருந்தாலும் தொங்கும் கரும்புத் தோகை அதை மூடியிருக்கும். சக்கரம் பஞ்சரானால் நடுச்சாலையிலேயே நிறுத்திவிட்டு, அடையாளத்துக்கு நான்கு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். எதிரே வரும் வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்து விலகிய பின் இரண்டு மூன்று நொடிகளுக்கு எதுவும் தெரியாது. அந்த இருட்டுக்குள்தான் டிரெய்லர் நிற்கும்.

கணக்கு எளிது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதன் பிறகு நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால் இன்னும் 23 மீட்டர். ஆக 40 மீட்டர். 80இல் போனால் 60 மீட்டரைத் தாண்டிவிடும். டிப் செய்த முகப்பு விளக்கில் 60 மீட்டர் தொலைவிலுள்ள கறுப்பு டிரெய்லர் பல வண்டிகளில் சரியாகத் தெரியாது. எனவே இரவில் 50க்கு மேல் போகாதே என்று சொல்லுங்கள். விளக்கு எட்டும் தூரத்துக்குள் வண்டி நின்றாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் உளுந்தையும் கேழ்வரகையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளே போரடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். கார்க்காரருக்கு ஒன்றுமில்லை. இருசக்கர வண்டிக்கு அது குண்டுமணி மேல் நடப்பதுபோல். அதில் ஏறிவிட்டால் பிரேக் பிடிக்காமல், சாய்க்காமல், நேராகக் கடந்துவிட வேண்டும். நானும் விவசாயிதான், களம் இல்லாத குறைதான் இதற்குக் காரணம் என்பதும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உப்பனாறு – புதன், பிற்பகல் 1.20

ஒருவரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் புதுச்சேரிப் பக்கமுள்ள கன்னியக்கோயிலிலிருந்து கடலூர் நோக்கி வரும் வண்டிகளைப் பாருங்கள். மது விலை குறைவு என்பதற்காக எல்லை தாண்டிக் குடித்துவிட்டு, ஒரே வண்டியில் மூன்று பேராகத் திரும்புகிறார்கள். சாவடியில் மாட்டாமல் இருக்க ஹெல்மெட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்கள்.

வெள்ளைவாரி வீதி – புதன், பிற்பகல் 2.05

குடிப்பவர்கள் உங்கள் ஊரிலிருந்து வருகிறார்கள், பழி மட்டும் எங்கள் ஊருக்கா?

இரவுப்பணி – புதன், பிற்பகல் 4.40

ஊர்ச் சண்டை வேண்டாமே. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்பது சட்டம். எங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. குடித்துவிட்டு விழுந்தவர் உளறினால், அது போதையா மூளைக் காயமா என்று உடனடியாகப் பிரித்தறிய முடியாது. "போதை தெளிந்தால் சரியாகிவிடும்" என்று சாலையோரத்திலேயே படுக்க வைத்துவிட்டுப் போகும் நண்பர்களால் சிலர் சிகிச்சைக்கான காலத்தை இழக்கிறார்கள்.

உதவ அஞ்சுபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விபத்தில் சிக்கியவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இழுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே உறுதிசெய்துவிட்டது; 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது சட்டப் பிரிவாகவே சேர்ந்துவிட்டது. பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தென்றால், எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அது 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. எனவே பணத்தை எண்ணித் தயங்க வேண்டாம்.

கோட்டக்குப்பத்து அம்மா – புதன், இரவு 9.30

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு மூன்று வயது. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் நிற்க வைத்துத்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். வேறு எப்படிக் கொண்டுபோவது?

பட்டறைக்காரர் – புதன், இரவு 10.10

முன்னால் நிற்க வைக்காதீர்கள் அம்மா. நீங்கள் பிரேக் பிடித்தால் குழந்தையின் முகம் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதும். உங்கள் உடல் எடையும் பின்னாலிருந்து அதன் மேல் சாயும். குழந்தை ஆக்சிலரேட்டரைப் பிடித்துத் திருகிவிட்ட கதைகளும் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தோளோடு ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டை நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, இணையத்தில் வாங்கலாம். புடவை கட்டுபவராக இருந்தால் பின்சக்கரத்து சேலைத் தடுப்பைக் கழற்றிவிடாதீர்கள். அழகாக இல்லை என்று கழற்றச் சொல்கிறார்கள், நான் மறுத்துவிடுகிறேன். துப்பட்டாவை முடிந்துகொண்டு உட்காருங்கள்.

மஞ்சக்குப்பத்தான் – ஞாயிறு, இரவு 8.45

நான்கு நாள் எழுத முடியவில்லை. அனைவருக்கும் நன்றி.

இன்று அதிகாலை அக்கா மகனை ஊருக்கு வெளியே உள்ள ஒரு வெற்றுத் திடலுக்கு அழைத்துப்போனேன். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னேன். வண்டி ஆடிக்கொண்டே பதினேழு அடிகளைத் தாண்டி நின்றது. என் காலடியில் ஓர் அடி என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர். இரண்டு பிரேக்கையும் பிழிந்து பிடிக்கப் பழகிய பிறகு பத்துப் பதினோரு அடிகளுக்குள் நின்றுவிட்டது. அவனைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. பதினொரு ஆண்டுகளாக நானும் பின் பிரேக்காரன்தான் என்பது என் முதல் முயற்சியிலேயே தெரிந்துவிட்டது. பையன் சிரித்துக்கொண்டே எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

உப்பனாறு ஐயா சொன்னதையும் தள்ளிவிடவில்லை. பகல் ஷிப்டு வாரங்களில் பேருந்து. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மட்டும் வண்டி. இரவு ஷிப்டு முடிந்து காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டக் கூடாது என்பதால் அந்த வாரம் அவன் வில்லியனூரில் உள்ள சித்தப்பா வீட்டில் தங்கிக்கொள்வான். அக்காவுக்கு முழு மனம் இல்லை, ஆனால் சம்மதித்துவிட்டார். வண்டியில் கூடவே இரண்டாவது ஹெல்மெட்டும் இருக்க வேண்டும், அது இல்லாமல் யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

இரவுப்பணிச் சகோதரி, தங்கள் பதிவைப் படித்த மறுநாளே தவளக்குப்பத்தில் இறங்கி அந்தத் தேநீர்க் கடையில் விசாரித்தேன். கடைக்காரருக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் வரவில்லையாம். அவருடைய ஹெல்மெட் மட்டும் அங்கேயே இருக்கிறது. கடைக்காரர் அதைக் கவிழ்த்து வைத்துக் காலிப் பால் பாக்கெட்டுகளைப் போட்டுவைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஓடு விரிசல் விட்டிருந்தது, உள்ளே தெர்மக்கோல் ஒரு விரல் தடிமன்கூட இல்லை. பட்டையின் பக்கிள் மேல், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

பட்டறைக்கார ஐயா, என் வண்டியின் முன் டயரில் 3117 என்றிருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கொண்டுவருகிறேன், கேபிளையும் பார்த்துவிடுங்கள்.